தொடாத துப்பாக்கிக்கு ஒரு கைப்பிடி

என் மனைவி சுடும் துப்பாக்கியை நான் இதுவரை தொட்டதில்லை. தொடவும் கூடாது. அது காற்றழுத்தத்தில் இயங்கும் போட்டிக் கைத்துப்பாக்கி. பத்து மீட்டர் தள்ளியிருக்கும் இலக்கில் சிறு ஈயக் குண்டைப் பதிப்பதைத் தவிர வேறெதற்கும் உதவாது. ஆனாலும் சிங்கப்பூரில் அதுவும் துப்பாக்கிதான். கிளப்பின் இரும்பு அறைக்குள் பூட்டியிருக்கும். பாதுகாப்புப் பயிற்சி முடித்த உறுப்பினர் மட்டும் பொறுப்பாளர் முன்னிலையில் கையெழுத்துப் போட்டு எடுக்கலாம். சுட்டு முடித்ததும் திருப்பித் தர வேண்டும். நான் உறுப்பினர் இல்லை. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறவன். அப்படிப்பட்ட நான் அதற்கு ஒரு கைப்பிடி செய்தேன். சரியாகச் சொன்னால் இரண்டு செய்தேன்.

மனைவி ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, உடன் வேலை பார்க்கும் ஒருவர் அழைத்தார் என்று சுடப் போனாள். பூப்பந்தும் யோகாவும் போன வழியில் இதுவும் போகும் என்று நினைத்தேன். போகவில்லை. மூன்றாம் ஆண்டில் கிளப் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். வாரம் இரண்டு மாலை அங்கே போய்விடுவாள். போகிற நாள்களில் முகமே வேறாக இருக்கும்.

பிறகு கட்டைவிரல் வலி வந்தது. முதலில் ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கும்போது, அப்புறம் வாசல் இரும்புக் கதவின் பூட்டைத் திருகும்போது, கடைசியில் துப்பாக்கியைப் பிடிக்கும்போது. பாலிகிளினிக்கில் படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலின் அடிமூட்டுத் தேய்மானம் என்றார்கள். விரலால் அழுத்திச் செய்யும் வேலையைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். துப்பாக்கியை இடது கைக்கு மாற்ற முடியுமா என்றும் கேட்டார்.

“இடது கையாலயாம்” என்றாள் வரும் வழியில். “இடது கையால நான் ஒரு கோலப் புள்ளிகூட வெச்சதில்ல.”

போட்டியில் அறுபது குண்டு. அவளுக்கு முப்பத்தைந்து, நாற்பதிலேயே விரலடியில் நெருப்பு வைத்தது போல் ஆகிவிடும். பயிற்சியில் இரண்டு முறை நாற்பதோடு நிறுத்திவிட்டுத் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தாள். அணியில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கொரு தேர்வுப் போட்டி உண்டு. அறுபதையும் சுட்டு, அறுநூற்றுக்கு ஐந்நூற்று நாற்பது புள்ளியாவது எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அணியில் இடமில்லை. அணியில் இல்லாதவர்களுக்குப் பயிற்சியாளரும் இல்லை, வார நாள் மாலையில் சுடும் தடமும் இல்லை, கிளப் துப்பாக்கியும் இல்லை. அவளுக்குச் சொந்தத் துப்பாக்கி கிடையாது. ஆகவே அந்த ஒரு போட்டி போனால் எல்லாமே போன மாதிரிதான். தேர்வுக்குச் சில மாதங்கள் இருந்தன.

துப்பாக்கியோடு வந்த கைப்பிடி நடுத்தர அளவு ஆண் கைக்கானது. அவள் கை சிறியது. இடைவெளியை நிரப்ப அவள் விரலால் அழுத்திப் பிடிக்கிறாள், அதனால் வலிக்கிறது என்பது பார்த்தாலே தெரிந்தது. அளவெடுத்துச் செய்து அனுப்பும் கடைகள் ஐரோப்பாவில் உண்டு. விலையைப் பார்த்துவிட்டு அவள் திரையை மூடினாள்.

“நான் செய்றேன்” என்றேன்.

“நீங்களா? அதப் பாத்தாலே நாலடி தள்ளி நிப்பீங்க.”

“துப்பாக்கிய நான் செய்யப் போறதில்ல. கைப்பிடி வெறும் மரம்தானே.”

நான் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். மற்றவர்கள் கடைந்து தரும் பம்ப் உறுப்புகளை அளந்து, சரி அல்லது சரியில்லை என்று சொல்வது என் வேலை. நாளெல்லாம் மற்றவர் வெட்டியதை அளக்கிறவனுக்கு, நாமும் ஏதாவது வெட்ட வேண்டும் என்று தோன்றாமல் இருக்காது. பொம்மை ரயில் செய்துகொண்டிருந்த ஒருவர் வீடு மாறும்போது விற்ற சின்ன மில்லிங் மெஷின் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். எங்கள் வீடு பூன் கெங்கில். புதிய வீடுகளில் எல்லாம் ஆபத்துக் காலத்துக்கென்று தடித்த சுவரும் இரும்புக் கதவும் கொண்ட ஷெல்ட்டர் அறை ஒன்று இருக்கும். எல்லோரும் அதில் சாமான் அடைப்பார்கள். நாங்களும் அப்படித்தான்: அரிசி மூட்டை, ஏணி, தீபாவளி விளக்குப் பெட்டி, அவற்றுக்கு நடுவே என் மெஷின். குண்டு விழுந்தாலும் தாங்கும் சுவர் என்பதால் உள்ளே சத்தம் போட்டால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. ஜன்னல் இல்லை. கதவைச் சாத்தினால் பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும். மரத்தூள் அரிசியில் விழுந்தால் அறையையே காலி செய்ய வேண்டியிருக்கும் என்பது மனைவியின் ஒரே நிபந்தனை.

முதலில் அனுமதி. கிளப்பில் துப்பாக்கிகளுக்குப் பொறுப்பாளர் ஒரு தமிழர், ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் அண்ணன். மனைவி என்னைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து அறிமுகப்படுத்தினாள். அவர் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு பேசினார்.

“மரம் மட்டும்தானே?”

“மரம். உள்ளங்கைக்குக் கீழே ஒரு சின்ன அலுமினியத் தாங்கி. அவ்வளவுதான்.”

“துப்பாக்கியில ஒரு ஸ்க்ரூகூட மாத்தக் கூடாது. வீட்டுல துப்பாக்கி மாதிரி உருவமா ஒண்ணும் செஞ்சு வெக்காதீங்க. மரத்துல செஞ்சாலும் பிரச்சினைதான். சும்மா அளவு பாக்கத்தான்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க லா” என்றார், ஊர் வழக்கப்படி கடைசியில் ஒரு ‘லா’ போட்டு.

“செய்ய மாட்டேன்.”

“கமிட்டியில கேட்டுச் சொல்றேன்.”

சில வாரங்களில் சரி என்று பதில் வந்தது. ஆனால் பழைய கைப்பிடியை வீட்டுக்குக் கொண்டுபோக விடவில்லை. அதே துப்பாக்கியைக் காலை நேரத்தில் இன்னொருவர் சுடுகிறார். அவருக்கு அந்தக் கைப்பிடி வேண்டும். ஒரே ஒரு திருகாணியில் நிற்கும் கைப்பிடி அது. சுடும்போது அவள் தன்னுடையதை மாட்டிக்கொள்ளலாம், முடிந்ததும் பழையதை மாட்டித் திருப்பித் தர வேண்டும்.

துப்பாக்கியையும் தொட முடியாது, கைப்பிடியும் வராது. உள்பக்கத்து வடிவம் தெரியாமல் எதை வெட்டுவது? தொழிற்சாலையில் துளைகளின் உள்வடிவத்தைப் பார்க்க ஒரு பசை வைத்திருக்கிறோம். இரண்டு உருண்டைகளைச் சேர்த்துப் பிசைந்து உள்ளே அழுத்தினால் சற்று நேரத்தில் ரப்பர் போல இறுகி, அச்சாக வெளியே வரும். அதைப் போல ஒன்று கடையில் வாங்கி, காலி சோப்புப் பெட்டியை வைத்து மனைவிக்குச் சாப்பாட்டு மேசையிலேயே பழக்கினேன். அடுத்த மாலை அவள் அண்ணன் கண்முன்னால் கைப்பிடியைக் கழற்றி, அதன் உள்ளே பசையை அழுத்தி, அச்சை டிபன் டப்பாவில் வைத்து எம்ஆர்டி ரயிலில் கொண்டுவந்தாள்.

“இந்தாங்க, உங்க கொழுக்கட்ட.”

விளக்கின் கீழ் திருப்பிப் பார்த்தேன். ஒரு மூலையில் காற்றுக் குமிழி.

“இன்னொரு தடவ எடுக்கணும்.”

“ஒரு குமிழிக்கா?”

“மரம் அந்த மூலையிலதான் உக்காரும்.”

“என்னப் பொண்ணு பாக்க வந்தப்பகூட நீங்க இப்படிப் பாக்கல.”

இரண்டாவது அச்சு சுத்தமாக வந்தது. வெர்னியர் அளவுகோலால் அளந்து படம் வரைந்தேன். மேலே அகலம், கீழே போகப் போகக் குறுகல், ஒரு பக்கம் லேசான சாய்வு. பார்க்க ஒரு ரப்பர் துண்டு. யார் கேட்டாலும் காட்டலாம்.

மரத்துக்குச் சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்துக்குப் போனோம். அங்கே ஒரு கடையில் வீட்டுக்கு வைக்கும் சாமி மாடங்கள் விற்கிறார்கள். பழுதும் பார்ப்பார்கள். கடைக்காரரின் மேசைக்குக் கீழே தேக்குத் துண்டுகள் கிடப்பதை முன்பே பார்த்து வைத்திருந்தேன்.

“ஒரு துண்டு வேணும். இவ்வளவு கனம்” என்று கையால் காட்டினேன்.

“என்னத்துக்கு?”

“கைப்பிடி செய்ய.”

“கத்திக்கா?”

“துப்பாக்கிக்கு.”

அவர் தினசரியை மடித்து வைத்தார். மனைவி முந்திக்கொண்டு போட்டி, கிளப், புள்ளிகள் என்று விளக்கினாள். அவர் அவள் கையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“போட்டின்னா சரிம்மா. ஆனா என் கடை மரம்னு சொல்லிராதீங்க. மாடம் வாங்க வர்றவங்க பயந்துருவாங்க.”

“முருகன் கையிலயும் ஆயுதம் இருக்குல்ல, அண்ணே?”

“வேலுக்கு யாரும் லைசென்ஸ் கேக்கறதில்லம்மா” என்று சொல்லிவிட்டு, முடிச்சில்லாத மூன்று துண்டுகளைப் பொறுக்கித் தந்தார்.

அவள் கையின் வடிவத்தை எடுக்கக் களிமண் வாங்கினேன். சாப்பாட்டு மேசையில் முழங்கையை ஊன்றச் சொல்லி, ரப்பர் அச்சைச் சுற்றிப் பூசிய களிமண்ணை அவள் பிடிக்க, விரல்களின் பள்ளங்கள் பதிந்தன. அந்தப் பள்ளங்களை ஒவ்வொன்றாக அளந்து மரத்துக்கு மாற்றினேன். உள்குழியை மெஷினில் வெட்டினேன். சின்ன மெஷின், கொஞ்சம் அதிகம் கொடுத்தால் கட்டர் அதிரும், ஆகவே மெல்லிய அடுக்குகளாக. வெளிப்பக்கத்தை அரத்தாலும் உப்புத்தாளாலும். தேக்கின் எண்ணெய் வாசனை ஷெல்ட்டர் முழுவதும் நின்றது. முடிந்தபோது ரப்பர் அச்சு அதற்குள் ஆடாமல் உட்கார்ந்தது. அவள் பிடித்துப் பார்த்து, “கையுறை மாதிரி இருக்கு” என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

கிளப்பில் அது அரை மணி நேரம் தாங்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் அவள் துப்பாக்கியை உயர்த்துவதும் இறக்குவதும் மறுபடி பிடித்துப் பார்ப்பதுமாக இருந்தாள். வெளியே வந்து என் கையில் மரத்தை வைத்தாள்.

“வீட்டுல இருந்த கை வேற. இங்க இருக்கற கை வேற.”

வண்டியில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. உட்கார்ந்து மேசையில் முழங்கையை ஊன்றிய கை ஓய்வில் இருக்கும் கை. தோளிலிருந்து நேராக நீட்டி, நுனியில் ஒரு கிலோ சுமந்து, மணிக்கட்டை இறுக்கிய கையில் உள்ளங்கை தட்டையாகிறது, விரலடி மேலே ஏறுகிறது. சுமையேற்றி அளக்க வேண்டியதைச் சும்மா வைத்து அளந்திருக்கிறேன். தொழிற்சாலையில் யாராவது இதைச் செய்திருந்தால் அன்றே திருப்பி அனுப்பியிருப்பேன்.

இரண்டாவதை நின்றுகொண்டு எடுத்தோம். சுவரில் தேதிக் காலண்டரில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்து, அவளைக் கூடத்தின் மறு கோடியில் நிறுத்தினேன். துப்பாக்கி உருவம் எதுவும் கூடாது; ஆனால் எடை வேண்டும். ஒரு கிலோ துவரம் பருப்புப் பொட்டலத்தைத் துணியில் கட்டிக் களிமண்ணுக்கு முன்னால் தொங்கவிட்டேன். அவள் கையை நீட்டிப் புள்ளியைப் பார்த்து மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினாள். வாசல் வழியாகப் போன பக்கத்து வீட்டுச் சீன அம்மா கம்பிக் கதவருகே நின்றார்.

“எக்சர்சைஸா?” என்று கேட்டார் ஆங்கிலத்தில்.

“ஆமா, கைக்கு” என்று அதே மொழியில் சொன்னாள் மனைவி, கையை இறக்காமலே.

“பருப்போட செய்யறது நல்லதா?”

“டாக்டர் சொன்னாரு.”

அவர் தலையாட்டிக்கொண்டு போனார். மனைவிக்குச் சிரிப்பு வந்து களிமண் கெட்டது. மறுபடி பிசைந்தோம்.

இந்த முறை கட்டைவிரலுக்காக ஒன்று யோசித்தேன். விரல் அழுத்தக் கூடாது என்றால் அது படுக்க ஓர் இடம் வேண்டும். ஆகவே மரத்தின் இடது பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு குழிவு வைத்து, அதன் வெளி ஓரத்தை லேசாக மேலே வளைத்தேன். விரல் அதில் குழந்தை போலப் படுத்துக்கொள்ளும். உள்ளங்கைக்குக் கீழே மேலும் கீழும் நகர்த்தக்கூடிய தாங்கி ஒன்றைக் கழிவு அலுமினியத்தில் வெட்டி, மரத்துக்குள் பித்தளை மரை பதித்துப் பொருத்தினேன். போட்டி விதிகளையும் எடுத்துப் படித்தேன். துப்பாக்கி முழுவதும், கைப்பிடியோடு சேர்த்து, நானூற்று இருபதுக்கு இருநூறுக்கு ஐம்பது மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். ஐம்பதுதான் சிக்கல்; அது அகலம். என் கைப்பிடி நாற்பத்தாறில் முடிந்தது. எண்களுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டேன்.

இரண்டு வாரம் அவள் அதை மாட்டிச் சுட்டாள். நாற்பதில் நிற்கவில்லை. ஐம்பது வரை போனாள், ஒரு நாள் ஐம்பத்தைந்து. வலி இருந்தது, ஆனால் தாமதமாக வந்தது. புள்ளிகளும் மெல்ல ஏறின.

தேர்வுப் போட்டி ஞாயிறு காலை. அதற்கு முன் எல்லோருடைய துப்பாக்கியையும் சோதிப்பார்கள். கதவருகே மேசை போட்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார். நான் வாசலுக்கு இந்தப் பக்கம் நின்றேன். பெட்டிக்குள் துப்பாக்கி இறங்கியது. விசையில் எடை தொங்கவிட்டுப் பார்த்தார். அதுவும் சரி.

“இப்ப புடிங்க. கட்டைவிரல மேல தூக்குங்க.”

அவள் தூக்கினாள். நான் வளைத்து வைத்த ஓரத்தில் விரல் பட்டது.

“இன்னொரு தடவ.”

மறுபடியும் பட்டது.

“அண்ணே, தடுக்கலையே. லேசாத் தொடுது.”

“தொட்டாலே போச்சு லா. விரல் நேரா மேல போகணும், எதுவும் குறுக்க வரக் கூடாது. ஓரம் மேல வளையவே கூடாது. இது தொட்டில் கட்டுன மாதிரி இருக்கு. விட முடியாதும்மா.”

“ரெண்டு வாரமா இதுலதானே சுடறேன். நீங்களும் பாத்தீங்க.”

“ப்ராக்டிஸ்ல நீங்க தோசக் கரண்டியக் கட்டிக்கிட்டுச் சுட்டாலும் நான் கேக்க மாட்டேன். இன்னிக்குப் போட்டி.”

என் பையில் விதித்தாள் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். பெட்டியின் அளவுகள் உள்ள வரிக்குக் கீழேயே இருந்தது அது: கட்டைவிரல் தடையில்லாமல் மேலே நகர வேண்டும். அதில் எண் எதுவும் இல்லை. இத்தனை மில்லிமீட்டர், இத்தனை பாகை என்று ஒன்றுமில்லாத வரி. நான் எண்ணிலிருந்து எண்ணுக்குத் தாவிப் படிக்கிறவன். நடுவில் இருந்ததைக் கண் பார்த்திருக்கிறது, மனம் எடுத்துக்கொள்ளவில்லை.

“இவங்க ரெண்டாவது சுற்றுதானே” என்றார் அண்ணன், இந்த முறை என்னைப் பார்த்து. “முதல் சுற்று முடியறதுக்குள்ள சரி பண்ணிக் கொண்டாங்க. இல்லாட்டி பழைய கைப்பிடி.”

மனைவி திருகாணியைக் கழற்றி, துப்பாக்கியை அவரிடமே விட்டுவிட்டு, மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. புது மரம் எங்காவது உரசலாம் என்று அரைவட்ட அரமும் உப்புத்தாளும் கொண்டுவந்திருந்தேன். அரத்தைக் கையில் எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

“என்ன?”

“இந்த ஓரத்த எடுத்தா குழிவே போயிடும். விரலுக்கு இடம் இருக்காது. அதுக்குத்தானே இத்தனையும்.”

“பழைய கைப்பிடியில நாப்பதுக்கு மேல முடியாது. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.”

“இதுல முடியுமான்னு தெரியலையே.”

“அப்ப தெரியாததே மேல். அரத்தப் போடுங்க.”

மரத்தை இறுக்கிப் பிடிக்க வைஸ் இல்லை. அவள் துண்டில் மரத்தைச் சுற்றி இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் வைத்து, மேலே இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்திப் பிடித்தாள். நான் ஓரத்தை இழைத்தேன். தேக்குத் தூள் அவளுடைய கறுப்புக் கால்சட்டையில் விழுந்தது. கண்ணாடிக்கு உள்ளே முதல் சுற்று நடந்துகொண்டிருந்தது. குண்டுகள் பதியும் சின்னச் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சிறிது இழைத்ததும் அவள் மரத்தைப் பிடித்து விரலைத் தூக்கிப் பார்ப்பாள்.

“இன்னும் தொடுது.”

இழைத்தேன்.

“இன்னும்.”

நான் பையிலிருந்து வெர்னியரை எடுத்தேன். எவ்வளவு போயிருக்கிறது, எவ்வளவு மிச்சம் என்று தெரியாமல் எனக்குக் கை ஓடாது.

“அத உள்ள வைங்க” என்றாள். “என் விரல் இருக்கு. அது சொல்லும்.”

வெர்னியரை உள்ளே வைத்தேன். அவள் விரல் தொடுது என்று சொன்ன இடத்தில் மட்டும் அரத்தை ஓட்டினேன். வளைவு போய், குழிவும் போய், கடைசியில் வெறும் தட்டையான திண்டு மட்டும் நின்றது. உப்புத்தாளால் இரண்டு இழுப்பு. அவள் விரலை மேலே தூக்கினாள், இறக்கினாள், மறுபடி தூக்கினாள். எழுந்து போய், அண்ணன் மேசையில் இருந்த துப்பாக்கியில் மரத்தை மாட்டினாள்.

அண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். விரலைத் தூக்கச் சொன்னார். தன் பேனாவை அந்தத் திண்டின் மேல் படுக்க வைத்துத் தள்ளிப் பார்த்தார். அது உருண்டு விழுந்தது. துப்பாக்கியின் மேல் சின்ன வட்ட ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார்.

இரண்டாவது சுற்றில் அவளுக்கு நடுத் தடம். நான் கண்ணாடிக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். தலைக்கு மேலே சின்னத் திரையில் ஒவ்வொரு குண்டின் புள்ளியும் வரும். கணக்கில் சேராத முதல் குண்டுகளை அவள் இஷ்டத்துக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் இடது பக்கமாகவே போயின. போட்டி தொடங்கியதும் ஏழு, எட்டு, எட்டு, ஏழு. அந்தக் கணக்கில் போனால் ஐந்நூறுகூட வராது. எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. போகவில்லை.

அவள் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுச் சும்மா நின்றாள். பிறகு எடுத்தாள். ஆனால் சுடவில்லை. கட்டைவிரலை முழுதாக மேலே நீட்டி, அப்படியே சற்று வைத்திருந்து, பிறகு மெல்ல விட்டாள். அது திண்டின் மேல் விழுந்து கிடந்தது. அழுத்தவில்லை, கிடந்தது. சுட்டாள். ஒன்பது. மறுபடி விரலை நீட்டினாள், விட்டாள், சுட்டாள். பத்து. அதற்குப் பிறகு ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் அதையே செய்தாள். அண்ணன் மேசையில் செய்யச் சொன்ன அதே அசைவு. பத்து, ஒன்பது, ஒன்பது, பத்து. நடுவில் ஓர் எட்டு.

நாற்பதைத் தாண்டினாள். அவள் முகம் எனக்குப் பக்கவாட்டில் தெரிந்தது. ஒன்றும் படிக்க முடியவில்லை. ஐம்பது குண்டு ஆனது. துப்பாக்கியை வைத்துவிட்டு வலது கையை இடது அக்குளில் செருகிக்கொண்டு, இலக்கைப் பார்க்காமல் தரையைப் பார்த்து நின்றாள். பக்கத்துத் தடங்களில் ஒவ்வொருவராக முடித்துவிட்டார்கள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அவசரப்படவில்லை. கையை எடுத்து, விரல்களை ஒரு முறை மூடித் திறந்து, மறுபடி துப்பாக்கியை எடுத்தாள். விரலை நீட்டினாள், விட்டாள், சுட்டாள்.

அறுபதாவது குண்டு ஒன்பது. மொத்தம் ஐந்நூற்று நாற்பத்திரண்டு. அன்று சுட்டவர்களில் நடுவில் வந்தாள். முன்னால் வந்தவர்களுக்குக் கைதட்டினார்கள். அவள் பழைய கைப்பிடியை மாட்டித் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

“வலி?”

“இருக்கு. விரல்ல கொஞ்சம், தோள்ல நிறைய.” தண்ணீர் குடித்தாள். “அந்தக் குழிதாங்க தப்பு. படுக்க இடம் குடுத்தா விரல் சும்மாவா இருக்கும்? நல்லா உதைச்சுக்கிட்டு இருந்திருக்கு. எனக்கே தெரியல.”

“அப்ப ரெண்டு வாரம் வலி கொறஞ்சதே?”

“கீழ வெச்சீங்களே அந்தத் தாங்கி, அதுதான். அத எடுத்துராதீங்க. அடியில மட்டும் அர மில்லி எடுக்கணும், குத்துது.”

“உக்காரு, பாக்கறேன்.”

“இப்ப வேணாம். லேன் போட்டுட்டு வந்துடறேன்.”

அணியில் இருப்பவர்கள் அடுத்த வாரத்துக்கான தடத்தை அன்றே சொல்லி வைக்க வேண்டும். முகப்பில் ஏற்கெனவே நாலைந்து பேர் நின்றார்கள். அவள் போய் வரிசையில் நின்றாள். முன்னால் நின்றவர் திரும்பி ஏதோ கேட்க, அவள் வலது கையைத் தூக்கிக் கட்டைவிரலை மேலே நீட்டிக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். நான் பெஞ்சில் கிடந்த மரத்தூளைக் கையால் வழித்துக் காகிதத்தில் சேர்த்தேன். அவள் திரும்பி வரும்போது நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வந்தாள்.

“செவ்வாய்க்கிழமை ஆறாம் லேன்தான் கெடச்சுது. ஏசி காத்து நேரா மூஞ்சியில அடிக்கும்.”

“வேற இல்லையா?”

“இல்ல. பரவால்ல, போட்டுட்டேன்.”